கிருஷ்ணகிரியிலிருந்து கிளஸ்டருக்கு ஜாப் அனுப்புவது எப்படி: முழுமையான வழிகாட்டி

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து வலுவிழந்த பிறகு, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் மாவட்டத்தில் ஓர் ஆண்டில் பெய்வதில் பாதிக்கும் மேல் அது. அந்த வாரம்தான் ஒரு முடிவுக்கு வந்தேன்: கே.ஆர்.பி. அணைக்கு மேலே தென்பெண்ணையில் எவ்வளவு மழைக்கு எவ்வளவு நீர் வருகிறது என்பதை 1995 முதல் 2024 வரை 30 ஆண்டுகளுக்கும் கணக்கிட்டுப் பார்ப்பது. நிரல் கையில் இருந்தது. என் மடிக்கணினியில் ஓர் ஆண்டைக் கணக்கிட ஐந்து மணி நேரம் ஆனது. முப்பது ஆண்டுகளுக்கு 150 மணி நேரம், அதாவது ஆறு நாளுக்கு மேல். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாள் நடுவில் வந்தே தீரும். பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கும். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில்தான் பகிர்வுக் கிளஸ்டர் கைகொடுக்கிறது. நூற்றுக்கணக்கான கணினிகளை ஒன்றாகப் பிணைத்து, பல ஆராய்ச்சியாளர்கள் முறைவைத்துப் பயன்படுத்தும் ஏற்பாடு அது. தேசிய மீக்கணினித் திட்டம் 2015இல் தொடங்கியது. அதன் கீழ் திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே மாதம் ‘பரம் பொருள்’ திறக்கப்பட்டது. வேகம் 838 டெராஃபிளாப்ஸ். ஒரு டெராஃபிளாப் என்றால் நொடிக்கு ஒரு லட்சம் கோடிக் கணக்குகள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு அதே ஆண்டு வந்த ‘பரம் பிரவேகா’ 3.3 பெட்டாஃபிளாப்ஸ். நாம் இரண்டு ஊருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறோம். பயனர் கணக்கு கிடைத்துவிட்டால், இயந்திரம் எந்த ஊரில் இருந்தாலும் காவேரிப்பட்டினத்தில் திண்ணையில் அமர்ந்தபடியே அதை ஓட்டலாம்.

பயனர் கணக்கு வாங்குவது பற்றி நீட்ட மாட்டேன். உங்கள் வழிகாட்டிப் பேராசிரியரின் கையொப்பத்தோடு படிவம் அனுப்ப வேண்டும். சில நாள் பொறுக்க வேண்டும். கணக்கு வந்த பிறகு என்ன செய்வது என்பதுதான் இந்த வழிகாட்டி. இங்கே சொல்வது ‘ஸ்லர்ம்’ என்ற வரிசை மேலாளருக்குப் பொருந்தும். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 2000களின் தொடக்கத்தில் உருவானது. இன்று உலகின் பெரிய கிளஸ்டர்கள் பலவற்றிலும் அதுவே வாயிற்காப்போன். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

படி 1: எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

தொலைவிலிருந்து இணைக்கும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழைந்ததும் நீங்கள் வந்து சேர்வது லாகின் நோட். நோட் என்றால் கிளஸ்டரில் உள்ள ஒரு கணினி. அது வரவேற்பறை. கோப்பைத் திருத்தலாம், நிரலைத் தொகுக்கலாம், ஜாப் அனுப்பலாம். கணக்கை அங்கே ஓட்டக் கூடாது. உங்களைப் போல ஐம்பது பேர் அதே அறையில் இருக்கிறார்கள். நீங்கள் அடுப்பை அங்கேயே பற்றவைத்தால் எல்லோருக்கும் மூச்சு முட்டும்.

நான் தொடக்கத்தில் அதைத்தான் செய்தேன். நாம் வெளியேறினாலும் நிரலை ஓடவிடும் ‘நோஹப்’ கட்டளையைப் போட்டு நிரலை லாகின் நோடிலேயே ஓடவிட்டுத் தூங்கப் போனேன். விடிந்து பார்த்தால் நிரல் கொல்லப்பட்டிருந்தது; நிர்வாகியிடமிருந்து மரியாதையான, ஆனால் சுருக்கென்ற ஒரு மின்னஞ்சலும் வந்திருந்தது. தப்பு என்னுடையது.

கணக்கு ஓட வேண்டிய இடம் கம்ப்யூட் நோட். அங்கே நீங்கள் நேராகப் போக முடியாது. என்ன ஓட வேண்டும், எவ்வளவு கோர் (செயலிக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதி), எவ்வளவு மெமரி, எவ்வளவு நேரம் என்று ஒரு விண்ணப்பத்தை எழுதி ஸ்லர்மிடம் கொடுக்க வேண்டும். இடம் கிடைக்கும்போது அது உங்களுக்காக ஓட்டும். அந்த விண்ணப்பம்தான் பேட்ச் ஜாப். கொடுத்த பிறகு உங்கள் இணைய இணைப்பு அறுந்தாலும், வீட்டில் மின்சாரம் போனாலும், நீங்கள் பஸ் ஏறித் தருமபுரிக்குப் போனாலும் ஜாப் பாட்டுக்கு நடக்கும்.

படி 2: கோப்புகளைக் கொண்டுபோய்ச் சேருங்கள்

நம் பக்கம் இணைப்பு விட்டுவிட்டு வரும். அதனால் கோப்புகளை அனுப்ப எஸ்சிபி கட்டளையைவிட ‘ஆர்சிங்க்’ நல்லது. ‘--பார்ஷியல்’ என்று சேர்த்துக் கொடுத்தால், பாதியில் அறுந்த பெரிய கோப்பு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

கிளஸ்டரில் பெரும்பாலும் உங்களுக்கு இரண்டு இடங்கள் இருக்கும். ஹோம் அடைவு, அதாவது உங்கள் சொந்தக் கோப்புறை, சிறியது, பத்திரமானது. ஸ்க்ராட்ச் பெரியது, வேகமானது. ஆனால் பல கிளஸ்டர்களில் சில வாரங்கள் தொடாத கோப்புகளைத் துடைத்துவிடுவார்கள். ஜாப் படிப்பதும் எழுதுவதும் ஸ்க்ராட்ச்சில் இருக்கட்டும். முடிவு வந்ததும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இன்னொன்று: ஒரு நாளுக்கு ஒரு சின்னக் கோப்பு என்று பல்லாயிரம் கோப்புகளாக மழைத் தரவை வைத்திருந்தால், ஓர் ஆண்டுக்கு ஒன்றாக ஒட்டிவிட்டு அனுப்புங்கள். பகிர்வுச் சேமிப்பகம் பெரிய கோப்பை அநாயாசமாக விழுங்கும். சிறு கோப்புகளின் கூட்டத்தில் திணறும்.

கம்ப்யூட் நோடுகளுக்குப் பல இடங்களில் இணையம் கிடையாது. தரவிறக்க வேண்டியதை எல்லாம் முன்பே லாகின் நோடில் இறக்கிவையுங்கள்.

படி 3: விண்ணப்பத்தை எழுதுங்கள்

விண்ணப்பம் என்பது ஒரு ஸ்கிரிப்ட், கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு. என் முதல் உருப்படியான ஸ்கிரிப்ட் இது:

#!/பின்/பாஷ்
#எஸ்பேட்ச் --ஜாப்-நேம்=பெண்ணை
#எஸ்பேட்ச் --நோட்ஸ்=1
#எஸ்பேட்ச் --என்டாஸ்க்ஸ்=1
#எஸ்பேட்ச் --சிபியூஸ்-பெர்-டாஸ்க்=8
#எஸ்பேட்ச் --மெம்=16ஜி
#எஸ்பேட்ச் --டைம்=02:00:00
#எஸ்பேட்ச் --அவுட்புட்=லாக்/பெண்ணை_%ஜே.அவுட்

செட் -இ
மாட்யூல் பர்ஜ்
மாட்யூல் லோட் ஜிசிசி
எக்ஸ்போர்ட் ஓஎம்பி_நம்_த்ரெட்ஸ்=$ஸ்லர்ம்_சிபியூஸ்_பெர்_டாஸ்க்
./நீரோட்டம் 2005

பார்க்க எளிதாக இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் யாராவது ஒருவர் விழுந்து எழுந்திருக்கிறார். பெரும்பாலும் அந்த ஒருவர் நான்தான்.

எண் குறியோடு தொடங்கும் எஸ்பேட்ச் வரிகள், ஸ்கிரிப்ட்டை ஓட்டும் பாஷ் மொழிக்கு வெறும் குறிப்புரை. ஸ்லர்ம் மட்டுமே அவற்றைப் படிக்கும். அந்தச் சொல் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும், குறிக்கும் அதற்கும் நடுவில் இடைவெளி கூடாது. முதல் உண்மையான கட்டளை வந்ததும் ஸ்லர்ம் படிப்பதை நிறுத்திவிடும். ‘மாட்யூல் லோட்’ வரிக்குக் கீழே நேர வரியை எழுதிவைத்தால், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், எச்சரிக்கையும் வராது.

நேரம். இதில்தான் நான் அசிங்கப்பட்டேன். 48 மணி நேரம் வேண்டும் என்று 48:00 என எழுதினேன். ஸ்லர்முக்கு இரண்டே பகுதி இருந்தால் அது நிமிடமும் நொடியும். எனக்குக் கிடைத்தது 48 நிமிடம். ஒன்றரை நாள் வரிசையில் நின்று, உள்ளே போய், முக்கால் மணி நேரத்தில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளப்பட்டது என் ஜாப். ஓசூர் பஸ்ஸில் கைபேசியில் ‘டைம்அவுட்’ என்ற சொல்லைப் பார்த்தபோது ராயக்கோட்டை வந்திருந்தது. இறங்கித் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. 48:00:00 என்று மூன்று பகுதியாக எழுதுங்கள். நாள் கணக்கானால் 2-00:00:00.

மெமரி. ‘மெம்’ என்பது ஒரு நோடுக்கான அளவு. அலகு போடாமல் 16 என்று மட்டும் எழுதினால் 16 மெகாபைட் என்று பொருள். நிரல் எழுந்து நிற்பதற்குள் விழுந்துவிடும்.

டாஸ்க்கும் சிபியூவும் (இங்கே சிபியூ என்றால் கோர்). இரண்டையும் குழப்பாதவர் அரிது. ஒரே நிரல், உள்ளே பல இழைகளாகப் பிரிந்து வேலை செய்யும் என்றால், அதாவது ஓப்பன்எம்பி வகை என்றால், டாஸ்க் 1, ஒரு டாஸ்க்குக்கு சிபியூ 8. தனித்தனி எட்டு நகல்களாக ஓடி ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் எம்பிஐ வகை என்றால், டாஸ்க் 8, ஒவ்வொன்றுக்கும் சிபியூ 1. அந்த ‘எக்ஸ்போர்ட்’ வரியை மறந்தால் நிரல் தன் விருப்பப்படி இழைகளை விரிக்கும். எட்டு கோரில் நாற்பது இழைகள் முட்டிமோதும். எம்பிஐ நிரலை ‘எஸ்ரன்’ கொண்டு தொடங்குபவர்களுக்கு ஒரு பொறி: ஸ்லர்ம் 22.05 பதிப்பிலிருந்து, எஸ்பேட்ச்சில் சொன்ன ‘சிபியூஸ்-பெர்-டாஸ்க்’ எஸ்ரனுக்குத் தானாகப் போய்ச் சேராது. எஸ்ரன் வரியிலும் மறுபடி சொல்ல வேண்டும்.

ஜாப் வெளியிடும் செய்திகள் போய்ச் சேரும் ‘லாக்’ என்ற அடைவை முன்பே உருவாக்கிவையுங்கள். ஸ்லர்ம் அதை உருவாக்காது. அடைவு இல்லையென்றால் ஜாப் தொடங்கிய நொடியே செத்துவிடும். காரணம் எழுதுவதற்குத்தான் அந்த லாக், அதுவே இல்லாததால் காரணமும் இருக்காது. புதியவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் மர்மங்களில் பாதி இதுதான். மீதிப் பாதி, விண்டோஸ் நோட்பேடில் ஸ்கிரிப்ட்டை எழுதி ஏற்றுவது. விண்டோஸின் வரி முடிவு வேறு, லினக்ஸின் வரி முடிவு வேறு. ஸ்லர்ம் அதைக் கண்டதும் வாங்க மறுத்துவிடும். ‘டாஸ்2யூனிக்ஸ்’ என்ற கட்டளை நொடியில் சரிசெய்யும்.

தேவையான மென்பொருளை ஏற்றும் ‘மாட்யூல்’ வரிகள் ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே இருக்கட்டும். லாகின் நோடில் நீங்கள் ஏற்றிவைத்த சூழலை நம்பி அனுப்பினால், அடுத்த மாதம் அதே ஸ்கிரிப்ட் ஏன் ஓடவில்லை என்று புரியாது.

படி 4: முதலில் ஒன்றை ஓட்டி அளந்து பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் உங்களால் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

போச்சம்பள்ளிப் பக்கத்து மாணவி ஒருவர் சென்ற கோடையில் என்னைத் தேடி வந்தார்.

“சார், என் ஜாப் மூன்று நாளாக வரிசையிலேயே நிற்கிறது. மற்றவர்களுடையது எல்லாம் உள்ளே போகிறது.”

ஸ்கிரிப்ட்டைப் பார்த்தேன். ஒரு முழு நோட், 40 கோர், நான்கு நாள்.

“ஏம்மா, உன் நிரல் எத்தனை கோரைப் பயன்படுத்தும்?”

“தெரியவில்லை சார். ஆய்வகத்து அண்ணன் கொடுத்த ஸ்கிரிப்ட். அப்படியே அனுப்பிவிட்டேன்.”

அவருடையது பைத்தானில் எழுதிய எளிய நிரல். ஒரே கோரில்தான் ஓடும். உள்ளே போயிருந்தால் 39 கோர்கள் கைகட்டி நின்றிருக்கும். ஒரு கோர், 4 ஜிபி, மூன்று மணி நேரம் என்று மாற்றி அனுப்பினோம். டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஓடத் தொடங்கியிருந்தது. மூத்தவர் கொடுத்த ஸ்கிரிப்ட்டைப் பெருங்காய டப்பாவைப் போல வழிவழியாகக் கைமாற்றுவது நம் ஆய்வகங்களின் வழக்கம். டப்பா கைமாறலாம், அதில் உள்ள எண்கள் உங்களுடையவையாக இருக்க வேண்டும்.

அளப்பது இப்படி. ஓர் ஆண்டை மட்டும், சற்றுத் தாராளமாகக் கேட்டு ஓட்டுங்கள். முடிந்ததும்:

எஸ்அக்ட் -ஜே ஜாப்எண் --ஃபார்மட்=ஜாப்ஐடி,எலாப்ஸ்ட்,மேக்ஸ்ஆர்எஸ்எஸ்,ஸ்டேட்

‘எலாப்ஸ்ட்’ என்பது ஆன நேரம். ‘மேக்ஸ்ஆர்எஸ்எஸ்’ என்பது மெமரி தொட்ட உச்சம், ‘.பேட்ச்’ என்று முடியும் வரியில் பாருங்கள். இந்த உச்சத்தை ஸ்லர்ம் விட்டுவிட்டுத்தான் அளக்கிறது, கண நேரத் துள்ளல் தப்பிவிடக்கூடும். அதனால் கால் பங்கு கூட்டிக் கேட்பது என் வழக்கம். எனக்கு 3.8 ஜிபி வந்தது. 16 என்று கேட்டிருந்தேன். 5 போதும்.

பிறகு கோர்களை மாற்றிப் பார்த்தேன். 4 கோரில் 70 நிமிடம். 8 கோரில் 41 நிமிடம். 16 கோரில் 35 நிமிடம். கோர்களையும் நிமிடங்களையும் பெருக்கிப் பாருங்கள்: 280, 328, 560. பதினாறு கோர் கேட்டால் ஆறு நிமிடம் மிச்சம், செலவு ஏறத்தாழ இரு மடங்கு. ஒரே ஒரு ஆண்டை அவசரமாகப் பார்க்க வேண்டுமென்றால் 8. முப்பதையும் சேர்த்து ஓட்டும்போது 4 போதும், அதுதான் சிக்கனம். கோர் கூட்டக் கூட்ட வேகம் அதே அளவில் கூடும் என்ற நம்பிக்கை, களி கிண்ட ஆள் கூட்டுவதைப் போன்றது. ஒரு பானைக்கு ஒரு துடுப்புதான் பொருந்தும்.

படி 5: வரிசை எப்படி நகர்கிறது

ஸ்கிரிப்ட்டை அனுப்ப ‘எஸ்பேட்ச்’ என்று அடித்து, ஸ்கிரிப்ட்டின் பெயரைக் கொடுத்தால் போதும். ஒரு ஜாப் எண் வரும், குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு நடப்பதை எனக்குப் புரியவைத்தது எந்தக் கையேடும் இல்லை. மாங்கூழ் ஆலை வாசல்.

மாங்காய்ப் பருவத்தில் எங்கள் பக்கத்து ஆலைகளுக்கு முன்னால் பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிய வண்டிகள் சாலையோரமாக நீண்டு நிற்கும். ஒருமுறை மாமாவின் தோப்புக் காயோடு நானும் போய் நின்றேன். எங்களுக்கு முன்னால் ஒரு பெரிய லாரி. அதை இறக்க பன்னிரண்டு ஆள் வேண்டும். அப்போது ஆறு பேர்தான் சும்மா இருந்தார்கள். மற்ற ஆறு பேர் உள்ளே இன்னொரு லாரியில், முடிய அரை மணி நேரம். வாயிலில் இருந்தவர் வரிசையோடு நடந்து வந்து ஒவ்வொரு வண்டியிலும் ஒரே கேள்வியைக் கேட்டார்: இறக்க எவ்வளவு நேரம் ஆகும்? எங்களுக்குப் பின்னால் நின்ற குட்டியானைக்காரர் “நாலு ஆள் கொடுங்கள் அண்ணா, கால் மணி நேரம்” என்றார். அவரை உள்ளே விட்டார்கள். பெரிய லாரிக்காரருக்கு இதனால் ஒரு நிமிடம்கூடத் தாமதமில்லை. அவருக்கு எப்படியும் அரை மணி நேரம் காத்திருப்புதான். குட்டியானைக்காரருக்கு முன்பே நின்ற இன்னொரு சிறு வண்டிக்காரர் “பார்க்கலாம், தெரியாது” என்று சொல்லியிருந்தார். அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

ஸ்லர்ம் செய்வதும் இதுவே. இதற்கு பேக்ஃபில் என்று பெயர். முன்னால் இருக்கும் பெரிய ஜாப்புக்கு எப்போது இடம் காலியாகும் என்று கணக்கிடும். அதற்குள் முடிந்துவிடும் என்று வாக்குக் கொடுத்த சின்ன ஜாப்புகளை இடுக்குகளில் நுழைக்கும். அந்த வாக்கு நீங்கள் எழுதிய ‘டைம்’ வரிதான். ஒரு மணி நேர வேலைக்கு, எதற்கும் இருக்கட்டும் என்று நான்கு நாள் கேட்பவர் “தெரியாது” என்று சொன்ன வண்டிக்காரர்.

ஆனால் வாக்குத் தவறினால் ஸ்லர்மிடம் இரக்கம் கிடையாது. கேட்ட நேரம் முடிந்ததும் ஜாப்பை நிறுத்திவிடும். 70 நிமிடம் ஆவதற்கு 90 நிமிடம் கேட்கிறேன். 71 கேட்பது கஞ்சத்தனம், 4 நாள் கேட்பது பயம்.

முன்னுரிமையில் இன்னொரு கணக்கும் உண்டு: ஃபேர்ஷேர். அண்மையில் நிறையப் பயன்படுத்தியவருக்கு முன்னுரிமை இறங்கும். சும்மா இருந்தவருக்கு ஏறும். பழைய பயன்பாடு மெல்ல மறக்கப்படும். ஸ்லர்மின் இயல்பமைப்பில் ஏழு நாளுக்கு ஒருமுறை அதன் எடை பாதியாகும். பல இடங்களில் கணக்கு உங்கள் ஆய்வுக் குழுவின் பெயரிலும் சேரும்; பக்கத்து மேசைக்காரர் சென்ற வாரம் அள்ளிக் குவித்திருந்தால் உங்கள் ஜாப்பும் பின்னால் போகும். அவரிடம் பேசிக்கொள்ளுங்கள், நிர்வாகியிடம் அல்ல.

படி 6: காத்திருக்கும்போது பார்க்க வேண்டியவை

‘எஸ்க்யூ --மீ’ என்று அடித்தால் உங்கள் ஜாப்புகள் மட்டும் தெரியும். பிடி என்றால் காத்திருக்கிறது, ஆர் என்றால் ஓடுகிறது. காத்திருப்பவற்றின் கடைசிப் பத்தியில் காரணம் இருக்கும். ‘ப்ரயாரிட்டி’ என்றால் உங்களைவிட முன்னுரிமை உள்ளவர்கள் நிற்கிறார்கள். ‘ரிசோர்சஸ்’ என்றால் முன்னால் வந்துவிட்டீர்கள், இடம் காலியாக வேண்டியதுதான் பாக்கி. இவை இரண்டுக்கும் பொறுமை போதும். ‘பார்ட்டிஷன்டைம்லிமிட்’ என்றால் கிளஸ்டரில் நீங்கள் ஜாப்பை அனுப்பிய பிரிவில் அனுமதிப்பதைவிட அதிக நேரம் கேட்டிருக்கிறீர்கள். எத்தனை நாள் பொறுத்தாலும் நகராது, மாற்றி அனுப்ப வேண்டும். ‘டிபென்டன்சி நெவர் சாட்டிஸ்ஃபைட்’ என்றால் எந்த ஜாப் முடிய வேண்டும் என்று இது காத்திருக்கிறதோ, அது ஏற்கெனவே தோற்றுவிட்டது.

‘எஸ்க்யூ --ஸ்டார்ட்’ எப்போது தொடங்கும் என்று ஒரு மதிப்பீடு தரும். நம்பலாம், சமையல் எப்போது முடியும் என்று சமையற்காரர் சொல்லும் நேரத்தை நம்புகிற அளவுக்கு.

அனுப்பிய ஜாப்பின் நேரத்தை அதிகமாகக் கேட்டுவிட்டோம் என்று பிறகு தோன்றினால், வரிசையை விட்டு வெளியே வர வேண்டியதில்லை. ‘எஸ்கன்ட்ரோல் அப்டேட்’ கட்டளையால் நேர வரம்பை நீங்களே குறைக்கலாம். கூட்டுவதற்கு மட்டும் நிர்வாகி வேண்டும். வேண்டவே வேண்டாம் என்றால் ‘எஸ்கேன்சல்’ என்று அடித்து எண்ணைக் கொடுங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் பலரைக் கவிழ்த்திருக்கிறது. எஸ்பேட்ச் அடித்த நொடியில் ஸ்லர்ம் உங்கள் ஸ்கிரிப்ட்டை நகலெடுத்து வைத்துக்கொள்கிறது. பிறகு அந்தக் கோப்பைத் திருத்தினாலும் வரிசையில் நிற்கும் ஜாப் மாறாது. ஆனால் ஸ்கிரிப்ட் அழைக்கும் நிரலும் தரவும் ஓடும் நேரத்தில்தான் படிக்கப்படும். ஜாப் காத்திருக்கும்போது நிரலை மறுதொகுப்புச் செய்தால் புதிய நிரல் ஓடும். நான் இப்போதெல்லாம் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனி அடைவு போட்டு, நிரலின் நகலை அதிலேயே வைக்கிறேன்.

படி 7: முப்பதையும் ஒரே கட்டளையில்

முப்பது ஆண்டுக்கு முப்பது ஸ்கிரிப்ட் எழுத வேண்டாம். ஒரே ஸ்கிரிப்ட்டை எண்ணை மட்டும் மாற்றிப் பலமுறை ஓட்டும் அர்ரே என்ற வசதி இருக்கிறது. நான் ஆசையாக முதலில் எழுதியது:

#எஸ்பேட்ச் --அர்ரே=1995-2024

ஸ்லர்ம் மறுத்துவிட்டது. அர்ரேயின் எண்ணுக்கு உச்சவரம்பு உண்டு. இயல்பமைப்பில் மேக்ஸ்அர்ரேசைஸ் 1001, எண் 1000ஐத் தாண்டக் கூடாது. முப்பதே ஜாப் என்றாலும் 1995 என்ற எண்ணே பெரிது. நேர்வழி இது:

#எஸ்பேட்ச் --அர்ரே=1-30%6
#எஸ்பேட்ச் --அவுட்புட்=லாக்/பெண்ணை_%ஏ_%ஏ.அவுட்

ஆண்டு=$((ஸ்லர்ம்_அர்ரே_டாஸ்க்_ஐடி + 1994))
./நீரோட்டம் $ஆண்டு

அவுட்புட் வரியில் முதல் ஏ பெரிய எழுத்து, அது அர்ரேயின் எண். இரண்டாவது சிறிய எழுத்து, அது உள்ளே இருக்கும் வரிசை எண். பாஷில் மாறியின் பெயரும் ஆங்கில எழுத்திலேயே இருக்க வேண்டும். ‘ஆண்டு’ என்பதற்கு உங்களுக்குப் பிடித்த பெயரை வையுங்கள். ‘%6’ என்றால் ஒரே நேரத்தில் ஆறுக்கு மேல் ஓட வேண்டாம் என்று பொருள். ஆறு ஜாப், ஒவ்வொன்றுக்கும் நான்கு கோர், ஆக 24. ஐந்து சுற்றில் முப்பதும் முடியும். சுற்றுக்கு 70 நிமிடம், மொத்தம் ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. மடிக்கணினியின் 150 மணி நேரத்தை நினைத்துக்கொண்டேன். வரம்பில்லாமல் முப்பதையும் அவிழ்த்துவிட்டிருக்கலாம். கிளஸ்டர் நெருக்கடியாக இருந்த வாரம் அது. மற்றவர்களுக்கும் தேர்வுக் காலம்.

எல்லாம் முடிந்த பிறகு தொகுப்பு அறிக்கை எழுதும் ஒரு சிறிய ஜாப் வேண்டுமென்றால், அதை ‘--டிபென்டன்சி=ஆஃப்டர்ஓகே’ என்று அர்ரேயின் எண்ணோடு சேர்த்து இப்போதே அனுப்பிவிடலாம். முப்பதும் வெற்றியாக முடிந்தால்தான் அது தொடங்கும். ஸ்கிரிப்ட்டில் ‘செட் -இ’ என்ற வரி எதற்கு என்பது இங்கேதான் விளங்கும். அது இல்லாவிட்டால் நடுவில் ஒரு கட்டளை தோற்றாலும் கடைசிக் கட்டளை வென்றால் போதும், ஜாப் வெற்றி என்று ஸ்லர்ம் எழுதிவிடும்.

பிபிஎஸ் என்ற வேறு மேலாளர் உள்ள கிளஸ்டர்களில் எஸ்பேட்ச்சுக்குப் பதில் க்யூசப், எஸ்க்யூவுக்குப் பதில் க்யூஸ்டாட். முக்கிய வேறுபாடு ஒன்று: ஸ்லர்ம் நீங்கள் அனுப்பிய அடைவிலேயே ஜாப்பைத் தொடங்கும், பிபிஎஸ் உங்கள் ஹோம் அடைவில் தொடங்கும். ‘சிடி $பிபிஎஸ்_ஓ_வொர்க்டிர்’ என்ற வரியை முதலில் எழுதாவிட்டால் கோப்பு காணவில்லை என்று சாதிக்கும்.

படி 8: விழுந்ததை மட்டும் தூக்குங்கள்

எஸ்அக்ட் காட்டும் நிலைகளில் ‘கம்ப்ளீட்டட்’ தவிர மற்றவற்றுக்குத் தனித்தனி மருந்து. ‘டைம்அவுட்’ என்றால் நேரம் போதவில்லை. ‘அவுட் ஆஃப் மெமரி’ என்றால் பெயரே சொல்கிறது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இரட்டிப்பாகக் கேட்காமல், மற்ற ஜாப்புகள் எவ்வளவு எடுத்தன என்று ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் அளவுக்கு மீறித் தின்றிருந்தால் அதன் தரவில் கோளாறு. ‘நோட் ஃபெயில்’ உங்கள் குற்றமல்ல, மறுபடி அனுப்புங்கள். ‘ஃபெயில்ட்’ என்றால் நிரலே தவறோடு வெளியேறியது, லாக் கோப்பின் கடைசி இருபது வரிகளைப் படியுங்கள்.

பல நாள் ஓடும் ஜாப் என்றால், நிரல் அவ்வப்போது தன் நிலையைக் கோப்பில் எழுதிவைத்து, அங்கிருந்து தொடர வழிசெய்யுங்கள். ‘--சிக்னல்=பி:யூஎஸ்ஆர்1@300’ என்று கேட்டால் நேரம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஸ்லர்ம் உங்கள் ஸ்கிரிப்ட்டைத் தட்டி எழுப்பும். அந்தத் தட்டலைக் கேட்டு என்ன செய்வது என்பதை நீங்கள்தான் ‘ட்ராப்’ கட்டளையால் எழுதிவைக்க வேண்டும்.

என் முப்பதில் 29 வெற்றி. வரிசை எண் 14 மட்டும் ‘ஃபெயில்ட்’. 14ஐ 1994உடன் கூட்டினால் 2008. லாகில் கடைசி வரி, தரவு 365 நாளுக்குத்தான் இருக்கிறது, 366 எதிர்பார்த்தேன் என்றது. நெட்டாண்டு. கோப்பைத் திறந்து பார்த்தேன்: பிப்ரவரி 28க்கு அடுத்த வரி மார்ச் 1. கைகளால் தட்டச்சு செய்த யாரோ 29ஆம் தேதியை விழுங்கியிருக்கிறார். மூலப் பதிவேட்டின் படியைத் தேடி எடுத்து அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். மற்ற 29ஐத் தொடவில்லை. ஸ்கிரிப்ட்டில் இருக்கும் அர்ரே வரியையும் மாற்றத் தேவையில்லை. கட்டளையோடு கொடுப்பது ஸ்கிரிப்ட்டில் இருப்பதை வென்றுவிடும்:

எஸ்பேட்ச் --அர்ரே=14 பெண்ணை.எஸ்ஹெச்

உடனே உள்ளே போனது. 72 நிமிடத்தில் முடிந்தது.